பாய்மரத்தின் அடியில் செப்புத் தகடு

துவாரம் வெல்டிங்கில் இல்லை.

படகுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த ஜீவராஜ் டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் போட்ட வெல்டிங் ஒட்டு, சரிந்து கிடக்கும் சில்லறைக் காசுகள்போல வரிவரியாக அப்படியே இருந்தது. எங்கேயும் வெடிப்பு இல்லை. துவாரம் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. தீக்குச்சி நுழையும், பென்சில் நுழையாது. விளிம்பு கிழியவில்லை, நெளியவுமில்லை. உள்ளேயிருந்து எதுவோ தகட்டைத் தின்றுகொண்டே வந்து வெளியே தலை காட்டியிருந்தது.

எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன, ஒட்டு விட்டிட்டுதோ?” மேலேயிருந்து ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார். அவருக்கு முழங்கால் மடங்காது. எவ்வளவு குனிந்தாலும் படகின் அடிப்பக்கம் அவர் கண்ணுக்கு எட்டாது.

“பாக்குறேன் சேர்.”

“நீர் பாக்கிறது கிடக்கட்டும். தண்ணி வந்த இடம் உம்மட ஒட்டுக்குப் பக்கத்தில. வேற எங்கால வரும்?”

ஜீவராஜ் டோர்ச்சை அணைத்தான். ஒட்டில் இல்லை என்று சொன்னால், அப்ப எதில் என்று கேட்பார்.

மட்டக்குளியில், ஆறு கடலில் விழுகிற பக்கம் மெல்ரோயின் யார்ட் இருந்தது. பழுதான மீன்பிடி வள்ளங்கள் அங்கே கவிழ்ந்து கிடக்கும். அவற்றின் நடுவே முட்டுக்கட்டைகளில் நின்றது இந்த எட்டு மீற்றர் அலுமினியப் பாய்ப்படகு. பெற்றோலுக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்ற வருடம் ஒரு வெள்ளைக்காரன் அதை விட்டுவிட்டுப் பிளேன் ஏறிப் போனான். ஸ்ரீஸ்கந்தராசா அதை வாங்கினார். நில அளவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வீடு. ஊர்காவற்றுறையில் பிறந்ததால் பாய் கட்டத் தெரியும் என்பார். படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கி மூன்று வருடம். இடைக்கிடை ஆற்றுவாயில் இறக்கிப் பார்ப்பார், அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தங்கும்; கடைசியாக இறக்கியபோதுதான் உள்ளே தண்ணீர் ஏறியது. அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி இறந்து பதினாலு மாதம்.

அவ இறந்த பிறகுதான் அவர் சனிக்கிழமை தவறாமல் யார்ட்டுக்கு வரத் தொடங்கினார். வந்தால் ஜீவராஜைக் கூப்பிடுவார். ஒரு கதவின் பிணைச்சல், ஒரு கம்பி, அடுப்பு வைக்க ஒரு சட்டம். வேலை பத்து மணிக்கு முடிந்துவிடும். நாலு மணிவரை இருவரும் படகின் நிழலில் இருப்பார்கள். சோத்துப் பார்சல் பிரிப்பார்கள். அவர் பேசுவார், இவன் கேட்பான். சில நேரம் இவனும் பேசுவான்.

மற்ற ஆறு நாளும் ஜீவராஜ் கேற்றும் கிறிலும் ஒட்டினான். வேலை கொடுத்தவர்கள் எவ்வளவு என்று கேட்டார்கள், எப்போ முடியும் என்று கேட்டார்கள். அதற்குமேல் அவனிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை. ஜிந்துப்பிட்டியில் ஒரு அறை. மனைவி குவைத்துக்குப் போய் ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் கோல் எடுத்தாள்.

“நான் யோசிச்சிட்டன்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “உம்மிலயும் பிழையில்ல. வாடகை வெல்டிங் மெஷின்ர பிழை. இனி வாடகை மெஷின் வேண்டாம். நானே ஒண்டு வாங்கி, படகிலயே வச்சுக்கொள்ளப்போறன். கடல்ல எங்கயாவது உடைஞ்சா நான் உம்மைத் தேடி ஜிந்துப்பிட்டிக்கு வரேலுமே?”

“யாரு சேர் ஒட்டுறது?”

“நான்தான். யூடியூப்பில எல்லாம் கிடக்கு.”

மெல்ரோய் கேற்றடியிலிருந்து அவரைக் கூப்பிட்டான். யார்ட் வாடகைச் சீட்டில் கையெழுத்து வேண்டுமாம். அவர் காலை இழுத்து இழுத்து நடந்து போனதும் ஜீவராஜ் ஏணியில் ஏறிப் படகுக்குள் இறங்கினான். தரைப்பலகையைத் தூக்கினான். பாய்மரத்தின் கால் வந்து நிற்கும் இடத்தில், படகின் ஆகத் தாழ்ந்த குழியில் கையை விட்டான்.

பொலித்தீன் முதலில் வந்தது. கிழிந்திருந்தது. அதற்குள் சிவப்புப் பட்டுத் துண்டு, உப்புத் தண்ணீரில் ஊறிச் சளிபோலக் குழைந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைக் களிம்பு, கரைந்துபோன அலுமினியம். பட்டைப் பிரித்தான். உள்ளங்கை அகலச் செப்புத் தகடு. கட்டங்களும் எழுத்துகளும் நேற்று வெட்டியவைபோல இருந்தன. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

அவன்தான் அதை அங்கே வைத்தவன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒட்டு முடிந்த அன்று, ஜெகதீஸ்வரி ஓட்டோவில் தனியாக வந்தா. புருஷன் டீசல் வாங்கப் போன நேரம் பார்த்து வந்திருந்தா. ஹான்ட்பேக்கிலிருந்து இந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்தா. ஐயரிடம் சொல்லி எழுதுவித்து, நாற்பத்தெட்டு நாள் பூசையில் வைத்ததாம்.

“வீடு கட்டேக்க அத்திவாரத்தில வைக்கிறம் எல்லே தம்பி? இதுக்கு எங்க அத்திவாரம்?”

“பாய்மரத்துக்கு அடியிலதாங்கம்மா.”

“அங்க வச்சுவிடுங்கோ. இவருக்குச் சொல்லாதேங்கோ. சிரிப்பார். சிரிச்சா பலிக்காது.”

அவன் கட்டாரில் கப்பல் யார்ட்டில் ஒன்பது வருடம் அலுமினியம் ஒட்டியவன். அங்கே கப்பலின் வயிற்றுக்குள் இறங்குமுன் பாக்கெட்டைக் கொட்டிக் காட்ட வேண்டும். ஒரு செப்புக் காசு, ஒரு துண்டு வயர் அடியில் விழுந்து உப்புத் தண்ணீரில் கிடந்தால் போதும், செப்பு இருக்கும், அலுமினியம் அரித்துப் போகும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. மூன்று மடிப்புப் பொலித்தீன் போட்டால் சரிதானே என்று நினைத்தான். தகட்டை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாமி காரியம். அதோடு, அவ அவனைத் தம்பி என்று கூப்பிட்டிருந்தா.

களிம்பைச் சேட்டில் துடைத்துவிட்டுத் தகட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். பலகையை மூடினான்.

பின்னேரம் இருவரும் மெஷின் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓட்டோவில் போனார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவின் மடியில் கொப்பி இருந்தது. பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். மெஷின், பாரம், கரண்ட், காஸ். கடைசிக் கட்டத்தின் தலையில் ‘தனிய’ என்று எழுதியிருந்தது.

“இது என்னங்க சேர்?”

“ஒரு ஆள் தனியத் தூக்கி, தனியப் பூட்டி, தனிய ஒட்டலாமோ எண்டு. அதுதான் முக்கியம்.”

சப்ரியின் கடை ஒரு ஆள் நுழையும் அகலம். இரண்டு பக்கமும் மெஷின் பெட்டிகள் கூரைவரை. சப்ரிக்கு ஜீவராஜைப் பத்து வருடமாகத் தெரியும்.

“வாங்க ஜீவா, வாங்க சேர். என்னத்த ஒட்டப் போற?”

“அலுமினியப் படகு,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“அப்ப இதப் பாருங்க.” சப்ரி ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தான். “ஏழு கிலோ. கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரிப் போகலாம்.”

ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் மலர்ந்தது. கொப்பியைத் திறந்தார்.

“சேர், எழுத வேணாம்,” என்றான் ஜீவராஜ். “இது டீசீ மட்டும். இரும்புக்கும் ஸ்டெயின்லஸுக்கும் சரி. அலுமினியத்துக்கு மேல ஒரு தோல் இருக்கு. உள்ள உருகி ஓடினாலும் தோல் உருகாது. அத உடைக்க ஏசீ கரண்ட் வேணும். இதால ஒட்டினா அப்பளம் பொரிச்ச மாதிரி வரும்.”

“யூடியூப்பில ஒருத்தன் ஒட்டினவனே.”

“ஒட்டினத கடல்ல இறக்கிக் காட்டினானாங்க சேர்?”

சப்ரி வாய்விட்டுச் சிரித்தான். “சரி சரி, நான் விக்கப் பாத்தேன், நீங்க புடிச்சிட்டீங்க. அப்ப இது.” காலால் ஒரு பெரிய மெஷினைத் தட்டினான். சில்லு வைத்தது. “மிக் மெஷின். துவக்கு மாதிரிப் புடிச்சு அமத்த வேண்டியதுதான், கம்பி தானா வரும். அலுமினியக் கம்பிக்குத் தனித் துவக்கும் ஈக்கி.”

ஜீவராஜ் அதைப் பார்த்தான். நல்ல மெஷின். அலுமினியமும் ஒட்டும், பொய்யில்லை. ஆனால் யார்ட்டின் பதினைந்து அம்பியர் லைனில் போட்டால் டிரிப் அடிக்கும். பெரிய ஜெனரேற்றர் வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் படகில் ஏற்ற முடியாது. மெல்லிய தகட்டில் கை பழகாதவன் அமர்த்தினால் ஒரு கணத்தில் ஓட்டை விழும். அறுபத்தேழு வயதில், மடங்காத முழங்காலோடு, சேர் இதைத் தனியாகத் தொடவே மாட்டார். ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிடுவார், இவனைத்தான்.

“இது எப்பிடி ஜீவராஜ்?” என்று கேட்டார் அவர். பேனை ‘தனிய’ என்ற கட்டத்துக்கு மேல் நின்றது. “நீர் சொல்லுறதத்தான் வாங்குவன்.”

பக்கத்துக் கடையில் யாரோ டிரில் மெஷின் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் நிற்கும்வரை ஜீவராஜ் அந்த மெஷினின் சில்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

“இது வேணாம் சேர். சப்ரி, அந்த ஏசீ-டீசீ இன்வேர்ட்டர் இருக்கா? இருநூறு அம்பியர்?”

பெட்டியைத் திறந்து வெளியே வைத்தார்கள். பதினெட்டுக் கிலோ.

“தூக்கிப் பாருங்க சேர்.”

அவர் தூக்கினார். முதுகு வளைந்தது, ஆனால் தூக்கினார். நாலு அடி நடந்து வைத்தார்.

“இதுதான் சேர். யார்ட் லைன் தாங்கும். ஆர்கன் காஸ் சின்னப் போத்தல் ஒண்ணு போதும். கடல் காத்தில ஆர்கன் பறந்திடும், அதனால சுத்தி டாப்போலின் கட்டணும். மெதுவாத்தான் ஓடும். மெதுவா ஓடுறதாலதான் நீங்க படிக்கலாம். ஒரு மாசம் துண்டுத் தகட்டில ஓட்டிப் பழகுங்க.”

ஸ்ரீஸ்கந்தராசா கடைசிக் கட்டத்தில் சரி போட்டார்.

சப்ரி கம்பிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஜீவராஜ் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “இது எஞ்சின் வார்ப்புக்கு. கடல் தகட்டுக்கு மெக்னீசியம் கலந்ததக் குடு. ஸ்டெயின்லஸ் பிரஷ் ஒண்ணும். புதுசு. இரும்புல தேச்சதா இருக்கக் கூடாது.”

“எல்லாம் தெரிஞ்சுதான் வச்சிருக்கிறீர்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. பேர்ஸை எடுத்தார். நல்ல மனநிலையில் இருந்தார், அதனால் பேச்சு நீண்டது. “என்ர மனிசி சண்டை பிடிச்சவ, தெரியுமோ? டொக்யார்ட் ஆக்களக் கூப்பிடுவமெண்டு நான் சொல்ல, இல்ல, எங்கட வீட்டுக் கிறில் ஒட்டின உந்தப் பெடியனக் கூப்பிடுங்கோ, அவன்ர வேலை விடாது எண்டவ. இரும்புக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிசி. ஆளைப் பிழையாக் கணக்குப் போட்டிட்டா, பாவம்.” சிரித்தார். “உம்மைச் சொல்லேல்ல. மெஷினச் சொல்லுறன்.”

ஜீவராஜ் பிரஷ்ஷை மேசையில் வைத்தான். அதன் பக்கத்தில், காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தகட்டை வைத்தான்.

“ஒட்டு விடலங்க சேர். ஓட்டை ஒரு சாண் தள்ளி இருக்கு. இது தின்னது.”

சப்ரிதான் முதலில் குனிந்தான். “செம்பா? அலுமினியத்துக்குள்ளயா? எந்த மடையன் வச்ச?”

“நான்.”

சப்ரி மெதுவாகப் பின்னால் போய், தேவையில்லாத ஒரு பெட்டியை அடுக்கத் தொடங்கினான்.

ஜீவராஜ் எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டோவில் வந்தது, நாற்பத்தெட்டு நாள், பொலித்தீன் மூன்று மடிப்பு, சொல்ல வேண்டாம் என்றது. கட்டாரில் பாக்கெட்டைக் கொட்டிக் காட்டியதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அம்மாவின் தலையில் போட்டதாக ஆகியிருக்கும்.

ஸ்ரீஸ்கந்தராசா தகட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்குக் கிட்ட வைத்து வாசித்தார்.

“என்ர நட்சத்திரம்,” என்றார். பிறகு திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. “அவவின்ர பேர் இல்ல.”

“இல்லைங்க சேர்.”

“அப்ப, படகில தான் வரமாட்டன் எண்டு அவவுக்கு அப்பவே தெரியும்.”

இரண்டு வருடத்துக்கு முன் அவவிடம் ஒரு நோயும் ஜீவராஜின் கண்ணில் படவில்லை. ஓட்டோவில் ஏறும்போது முழங்காலைத் தடவினா, அவ்வளவுதான்.

“உமக்குத் தெரிஞ்சிருந்தது,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “படகைத் தின்னும் எண்டு தெரிஞ்சிருந்தது. ஒரு வருசத்துக்கு மேல சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எனக்கு முன்னால இருந்து சோறு திண்டனீர். நான் நடுக்கடலில நிக்கேக்க இது விட்டிருந்தா?”

“பொலித்தீன் தாங்கும்னு நினைச்சேன் சேர்.”

“அவ நம்பினவ. அவவுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்.”

“ஆமாங்க.”

அவர் தகட்டைக் கொப்பிக்குள் வைத்து மூடினார். “தம்பி, பில்லப் போடும்,” என்றார் சப்ரியிடம்.

“சேர், ஒட்டு நல்லாத்தான் இருக்கு. வாடகை மெஷினே போதும், இது இப்ப தேவையில்லை,” என்றான் ஜீவராஜ்.

“தேவை. இனி என்ர படகுக்குள்ள மற்ற ஆக்கள் கை வைக்க வேண்டாம்.”

அந்தத் துவாரத்தை மட்டும் அவன் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்த சனிக்கிழமை காலை ஜீவராஜ் வெள்ளெனப் போனான். அரித்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வட்டமாக வெட்டி எடுத்தான். அதே தடிப்பில் புதுத் துண்டு வெட்டி, விளிம்பைச் சரித்து, அசிற்றோனால் துடைத்து, புதுப் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்துப் பதித்தான். மெல்ரோய் டாப்போலின் பிடிக்க உதவினான்.

ஸ்ரீஸ்கந்தராசா இரண்டாவது முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எத்தனை அம்பியர் என்று கேட்டார். நூற்று நாற்பது என்றான். காஸ் எவ்வளவு என்று கேட்டார். சொன்னான். அவர் எழுதினார்.

புது மெஷின் நன்றாக ஓடியது. உருகிய உலோகக் குமிழ் கண்ணாடிபோலத் திறந்தது, கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான், வரி விழுந்தது. இவ்வளவு நல்ல மெஷின் அவன் கையில் இதுவரை வந்ததில்லை. முடிந்ததும் மெல்ரோய் மண்ணெண்ணெய் தடவிக் கசிவு பார்த்தான். “ஒரு சொட்டு இல்ல மச்சான்,” என்றான் சத்தமாக, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்பதுபோல.

அன்று சோத்துப் பார்சல் ஒன்றுதான் வந்திருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா அதைத் திறக்கவில்லை. ஜீவராஜ் சாமான்களை அடுக்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்தார்.

“இதை எங்க வைக்கலாம்? பாய்மரத்தில கட்டினா?”

“அதுவும் அலுமினியம் சேர்.”

“மேசையில?”

“கால் அலுமினியம். தண்ணி வடிஞ்சா ஒண்ணுதான். படகில எங்கயும் வேணாம் சேர்.”

“அப்ப உந்தப் படகில அலுமினியம் இல்லாத சாமான் நான் மட்டும்தான்.” தகட்டைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். “சரி. நீர் போம். இனி நான் பாத்துக்கொள்ளுறன்.”

அதற்கடுத்த சனிக்கிழமை ஜீவராஜுக்கு வேலை இல்லை. காலையில் அறையைக் கூட்டினான். சேட் இரண்டு தோய்த்துக் காயப்போட்டான். பத்து மணிக்கு மேல் அறைக்குள் இருக்க முடியவில்லை. முகச்சவரம் செய்துகொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினான். ஏன் என்று கண்டக்டர் கேட்கவில்லை.

யார்ட்டின் கேற் பாதி சாத்தியிருந்தது. படகைச் சுற்றி டாப்போலின் கட்டியிருந்தது, கோணலாக. அதற்குள்ளிருந்து வெல்டிங் ஆர்க்கின் சத்தம் வந்தது. பிசிறு பிசிறாக வந்தது. படக் என்று வெட்டியது, நின்றது. டங்ஸ்டன் முனை உருகிய குமிழில் தொட்டுவிட்டது. சேர் வெல்டிங் டோர்ச்சைத் தூரப் பிடிக்கிறார், பயத்தில் பிறகு கிட்டக் கொண்டுபோகிறார். திரும்பத் தீட்டிக்கொண்டு தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனது. மீண்டும் சத்தம், மீண்டும் வெட்டியது.

மெல்ரோய் வள்ளம் ஒன்றுக்குப் பெயின்ற் கிளறியபடி வந்தான். “உள்ள போவன். காலைல இருந்து துண்டுத் தகட்டில இதே கூத்து. ஆள் ஒரு வார்த்தை கதைக்கல.”

“கூப்பிட்டாரா?”

“இல்ல.”

“அப்ப இருக்கட்டும்.”

கேற்றின் தூணில் முதுகைச் சாய்த்து நின்றான். இது அவன் ஒட்டிய கேற். வெயில் ஏறியது. டாப்போலினுக்குள் நீல வெளிச்சம் வந்து வந்து போனது. கையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், கம்பியை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது, மூச்சை அடக்க வேண்டாம். இருபது அடி நடந்தால் சொல்லிவிடலாம். கால் எடுத்து வைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட ஒருமுறை சத்தம் உடையவில்லை. ஒரே சீராக, வண்டுக் கூட்டம்போல, இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல் தூரம் ஓடியது. அவனையறியாமல் அவனுடைய வலது கை தொடையின் பக்கத்தில் அதே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு வெளிச்சம் அணைந்தது. எதுவும் வெட்டவில்லை, அவரே நிறுத்தியிருந்தார். உள்ளே அவர் இருமினார்.

நல்ல மெஷின் என்று நினைத்துக்கொண்டான். ரோட்டுக்கு வந்தபோது பஸ் நின்றது. சனிக்கிழமை மத்தியானம், இடம் நிறைய இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். பக்கத்துச் சீற்றில் எவரும் வந்து இருக்கவில்லை.